பில் போடும் இடத்தில் கேட்கும் நன்கொடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடைகளில் பொருளுக்குப் பணம் செலுத்தும் நேரத்தில், சில ரூபாயை ஏதேனும் ஒரு தொண்டுக்காகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கும் வழக்கம் குறித்துத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றிப் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்களும் கடைகளின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மளிகைச் சாமான் வாங்கினேன். பில் 1,246 ரூபாய் 60 காசு. பில் போடும் பெண், "1,250 ஆக்கிடட்டுமா அம்மா, பிள்ளைங்க படிப்புக்குப் போகும்" என்று கேட்டார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். தலையை ஆட்டிவிட்டேன். நான் மாதாமாதம் ஒரு முதியோர் இல்லத்துக்கு என்னால் முடிந்ததைக் கொடுக்கிறவள். 3 ரூபாய் 40 காசு எனக்குப் பெரிய தொகை அல்ல. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவறா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தவறே இல்லை, அம்மா. கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. உங்கள் மனத்தை உறுத்துவது தொகை அல்ல என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உறுத்துவது கேட்கப்பட்ட விதம். ஒரு கையில் பை, மறு கையில் பணம், பின்னால் வரிசை, எதிரில் கம்ப்யூட்டரில் விரலை வைத்தபடி பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு பெண். யாருடைய படிப்புக்கு, எந்த அமைப்பின் வழியாக, எந்த ஊரில் என்று கேட்பதற்கு அந்த இடத்தில் நேரம் இல்லை. கேட்டால் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். "வேண்டாம்" என்றாலோ, பிள்ளைகள் படிக்கவே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்திலிருந்து வந்த தலையசைப்பை நீங்கள் நன்கொடையாகக் கருத முடியாமல் போனது இயல்பு.

இந்த முறை பரவுவதற்குக் காரணம் அது பெரும் பலன் தருவதுதான். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், ஒவ்வொன்றும் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய 77 திரட்டல்களை மட்டும் கணக்கிட்டதில், கடைக் கவுண்டர்களிலும் பணம் செலுத்தும் இணையப் பக்கங்களிலும் மக்கள் கொடுத்த தொகை ஏறத்தாழ 74 கோடியே 90 லட்சம் டாலர். ஆயிரக்கணக்கான கொடையாளர்களைத் தேடிச் செல்ல வசதியில்லாத ஒரு தொண்டு நிறுவனத்துக்கு, கடையின் கவுண்டர் உண்மையாகவே பெரிய துணை. ஆகவே கேட்பதே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மனமுவந்து கொடுப்பவர்களைத் தடுக்கவும் மாட்டேன். ஆனால் கேட்பவர் யாரோ அவரே விவரமும் கணக்கும் சொல்லக் கடமைப்பட்டவர். அதைச் சொல்லாமல் கேட்கும் இடத்தில் மறுப்பவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

அடுத்த முறை, "இன்றைக்கு வேண்டாம், பில்லை மட்டும் போடுங்கள்" என்று சொன்னால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதை அந்தக் கவுண்டரில் எடுத்துச் சொல்லி உங்களை நிரூபித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. கேட்காமலே சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பில்லின் அடிப்பகுதியை ஒரு முறை பாருங்கள். சேர்த்திருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த வரியை எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கும் இப்படிக் கேட்கிறார்கள் என்றும், நம்மிடம் வாங்கிய பணத்தைக் கடைக்காரர்கள் தங்கள் நன்கொடையாகக் காட்டி வரியை மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள் என்றும் சொல்கிறான். இங்கேயும் அப்படித்தானா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே நம் தேங்காயைக் கடைக்காரர் உடைத்துப் புண்ணியம் தேடிக்கொள்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, இந்த ஐயம் பலருக்கும் இருக்கிறது, அதில் பாதி சரி, பாதி சரியல்ல. வரி மிச்சம் என்ற பகுதியை முதலில் பார்ப்போம்.

நீங்கள் பில்லோடு சேர்த்துக் கொடுக்கும் நன்கொடை கடையின் விற்பனை வருமானம் ஆகாது. நேர்மையாகக் கணக்கு எழுதும் கடையில் அது தனித் தலைப்பில், வேறொருவருக்குச் சேர வேண்டிய தொகையாகப் பதிவாகி, மாத இறுதியிலோ திரட்டல் முடிந்ததுமோ அந்த அமைப்புக்குப் போய்விடும். வருமானமாக உள்ளே வராத பணத்தைக் காட்டி வருமானத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவிலும் இதுவே நிலை. அங்கே நன்கொடைக்கான வரிச்சலுகையைக் கேட்கும் உரிமை கொடுத்த வாடிக்கையாளருக்குத்தான் உண்டு, கடைக்கு இல்லை. சரி, கடை அந்தப் பணத்தை முதலில் தன் வருமானமாகக் காட்டிவிட்டுப் பிறகு நன்கொடையாகக் கழிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இலாபம் இல்லை. இங்கே நன்கொடைக்குக் கிடைக்கும், 80ஜி என்று மக்கள் அறிந்திருக்கும் வருமான வரிச்சலுகையில், பெரும்பாலான தனியார் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொகையில் பாதியைத்தான் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிவாகக் கழிக்க முடியும். 100 ரூபாயை வருமானத்தில் கூட்டி 50 ரூபாயைக் கழித்தால், மீதி 50 ரூபாய்க்குக் கடை வரி கட்ட வேண்டும். அது நட்டம். வருமானத்தில் காட்டாமல் கழிவை மட்டும் கேட்டால்தான் மிச்சம் வரும். அது பொய்க் கணக்கு, சட்டப்படி குற்றம். அதைச் செய்யத் துணிகிறவர் நன்கொடை இல்லாமலே வேறு வழிகளிலும் செய்வார்.

இனி, ஐயத்தில் சரியான பாதி. உங்கள் பணத்துக்கான ரசீது உங்கள் பெயரில் வருவதில்லை. 80ஜி கழிவுக்கு, கொடுத்தவர் பெயரும் பான் எண்ணும் குறித்த சான்று வேண்டும். 2021-22 நிதியாண்டு முதல், தொண்டு நிறுவனங்கள் யாரிடமிருந்து எவ்வளவு பெற்றன என்ற பட்டியலை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதன் வழியாகக் கொடையாளருக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. கவுண்டரில் 2 ரூபாயும் 3 ரூபாயும் கொடுக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் பான் எண்ணை யார் குறிக்கப் போகிறார்கள்? அதோடு, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால், அந்தத் தொண்டு நிறுவனமே அதற்கு 30 விழுக்காடு வரி கட்ட நேரலாம். ஆகவே மொத்தத் தொகையையும் கடையின் பெயரிலேயே பதிவதுதான் இரு தரப்புக்கும் வசதியாக அமைந்துவிடுகிறது. விளைவாக, ஊரார் கொடுத்த பணம் ஏட்டில் ஒரு கடையின் கொடையாக நிற்கிறது. காசோலை வழங்கும் படத்தில் முதலாளி நிற்கிறார். வரியில் அவருக்கு ஒரு காசும் மிஞ்சாமல் இருக்கலாம், நற்பெயர் மிஞ்சுகிறது. அதை விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறார். "எங்கள் வாடிக்கையாளர்கள் கொடுத்த இவ்வளவு ரூபாய், எங்கள் பங்காக இவ்வளவு ரூபாய்" என்று இரண்டையும் பிரித்து எழுதுவதற்கு ஒரு வரிதான் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு வரியை எழுதாத கடைகளைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

பெரிய நிறுவனங்களின் விஷயத்தில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஓர் அளவை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது அந்த நிறுவனம் தன் இலாபத்திலிருந்து செய்ய வேண்டிய கடமை. கவுண்டரில் நம்மிடம் திரட்டுவது வேறு பை. இரண்டையும் ஒரே அறிவிப்பில் கலந்து எழுதியிருந்தால், எது எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். ஆசிரியராக இருந்தவருக்குக் கேள்வி கேட்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களுக்கு வரிக் கழிவு தேவையென்றால், நேரடியாக அந்த அமைப்புக்கே ஆண்டுக்கு ஒரு முறை கொடுப்பதுதான் வழி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோரில் பில் போடும் வேலை பார்க்கிறேன். வரும் ஒவ்வொருவரிடமும் நன்கொடை கேட்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் உத்தரவு. இரவு கடை மூடும்போது யார் கவுண்டரில் எவ்வளவு சேர்ந்தது என்று எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார். வாடிக்கையாளர்களோ, "உங்க முதலாளிய குடுக்கச் சொல்லும்மா" என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஒரு பெரியவர், "பிச்சை எடுக்கவா சம்பளம் தர்றாங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. நான் என்ன செய்வது? (வாசகி, மன்னார்குடி)

பதில்: தங்கையே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்கொடையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் பற்றித்தான் பேசுகிறோம். இடையில் நின்று கேட்க வைக்கப்படும் உங்களை மறந்துவிடுகிறோம். அந்தப் பெரியவரின் சொல் உங்களுக்கு உரியது அல்ல. திரட்டலை வகுத்தவர் நீங்கள் இல்லை, அமைப்பைத் தேர்ந்தவர் நீங்கள் இல்லை, படத்தில் நிற்கப் போகிறவரும் நீங்கள் இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும் வாசகர்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: கேட்கப்படும் முறை பிடிக்கவில்லையென்றால் மேலாளரை அழைத்துச் சொல்லுங்கள், அல்லது கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உங்கள் கவுண்டரில் நாற்காலி இருக்கிறதா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.)

நன்கொடையில் இலக்கு வைப்பதும், யார் குறைவு என்று எல்லோர் முன்னும் வாசிப்பதும் முறையற்றவை. இலக்கு வந்துவிட்டால் ஊழியர் கெஞ்ச வேண்டியிருக்கிறது, கெஞ்சினால் வாடிக்கையாளர் மறுக்க முடியாமல் கொடுக்கிறார், அப்படி வாங்கியதற்கு நன்கொடை என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. மேற்பார்வையாளரிடம் தனியே, நீங்கள் மட்டும் போகாமல் உடன் வேலை பார்ப்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சென்று, கேள்வியைக் கவுண்டரில் ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடலாமே என்று சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போதே படித்து முடிவு செய்துகொள்வார். விருப்பமுள்ளவர் தாமே சொல்வார். வரிசையும் வேகமாக நகரும். கடைக்கும் அது நல்லதுதான் என்று எடுத்துச் சொன்னால் கேட்கக்கூடும். அதுவரையில் ஒரு முறை மட்டும் கேளுங்கள். "வேண்டாம்" என்றவரிடம் மறுமுறை கேட்காதீர்கள். "எங்கே போகிறது?" என்று யாராவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லி மேலாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். தெரியாத ஒன்றுக்கு நீங்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டாம்.

தொகை சேரவில்லை என்பதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அப்படி ஏதேனும் நடந்தால், தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடுங்கள்.

கேள்வி: மொபைலில் ஒரு பொருள் ஆர்டர் செய்தபோது, நான் தொடாமலே 5 ரூபாய் நன்கொடைக்கு டிக் போட்டிருந்தது. எடுக்கப் போனால், உதவி செய்ய மனமில்லையா என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. இது சரியா? (கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்)

பதில்: சரியல்ல, தம்பி, இதற்குத் தெளிவான விதியே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை இணைய உத்திகளைப் பட்டியலிடுகின்றன. வாங்குபவரின் ஒப்புதல் இல்லாமல் பணம் செலுத்தும் நேரத்தில் கூடுதல் பொருளையோ சேவையையோ தொண்டுக்கான தொகையையோ சேர்ப்பது அவற்றில் ஒன்று. தொண்டு என்ற சொல்லே அந்த விளக்கத்தில் இடம்பெற்றிருக்கிறது. மறுப்பவரிடம் வெட்கத்தையோ குற்றவுணர்வையோ ஏற்படுத்தும் வாசகத்தைக் காட்டுவது இன்னொன்று; அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஒத்திருக்கிறது. திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். 5 ரூபாய்க்காகவா என்று தயங்க வேண்டாம்.

கேள்வி: கஜா புயலில் என் தோப்பில் பாதிக்கு மேல் தென்னை சாய்ந்துவிட்டது. அப்போது வெளியூர்க் கடைகளில் எங்களுக்காகப் பணம் திரட்டினார்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது, மெழுகுவத்தி வந்தது; மறக்கவில்லை. ஆனால் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திக் கன்று வைக்கும் காலத்தில் ஒருவரையும் காணோம். கடையில் திரட்டும் பணம் இவ்வளவுதானா? (தென்னை விவசாயி, பட்டுக்கோட்டை)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியைத்தான் திரட்டுகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தோப்புகளில் வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களை நேரில் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அடுத்த சில வாரங்கள் நாடெங்கும் கை நீண்டது. ஆனால் நெட்டைத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வர ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். 2019-இல் கன்று வைத்தவர் 2025 வரை அந்த இடத்தில் பெரும்பாலும் செலவு மட்டுமே செய்திருப்பார். துயரம் ஆறு ஆண்டு நீள்கிறது. திரட்டலோ செய்தித்தாளின் முதல் பக்கத்தில் புயல் இருக்கும் வரைதான் நடக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போதும் நாகைக் கடற்கரையில் இதையே பார்த்தோம்: முதல் மாதத்தில் குவிந்த பழைய துணியை வைக்க இடமில்லை, வலைக்கும் படகுக்கும் வீட்டுக்கும் மக்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள்.

இது கொடுத்தவர்களின் குறை அல்ல. "புயல் நிவாரணத்துக்கு" என்று பொதுவாகக் கேட்டதன் விளைவு. பொதுவாகக் கேட்டால் பணம் முதல் தேவைக்கே முழுவதும் போய்விடும். "திரட்டும் தொகையில் பாதி உடனடி உணவுக்கும் தார்ப்பாய்க்கும், மறுபாதி அடுத்த ஆண்டு கன்று வாங்கித் தருவதற்கு" என்று கவுண்டரிலேயே எழுதி வைத்துக் கேட்டிருந்தால், கொடுத்தவர்கள் மறுத்திருக்கமாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். டெல்டாவில் புயலும் வெள்ளமும் இனியும் வரும். வரும்போது வெளியூரில் இருக்கும் உங்கள் உறவினர்களிடம் சொல்லி வையுங்கள்: எதற்காக, எந்த ஊருக்கு, எந்தத் தேதி வரை என்று கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். விடை கிடைக்காத இடத்தில் கொடுக்காமல், முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு நேரடியாகச் செலுத்தினால் அவர்கள் பெயரிலேயே ரசீது வரும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு முழுத் தொகைக்கும் கழிவு உண்டு.

கேள்வி: முன்பு சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்தார்கள். இப்போது சில்லறை இல்லை, நன்கொடையாக எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். (வாசகர், திருவாரூர்)

பதில்: இரண்டுக்கும் நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. 50 காசு இன்றும் செல்லும். யுபிஐ மூலம் செலுத்தினால் காசு பிசகாமல் பில் தொகையை அப்படியே அனுப்ப முடிவதால், சில்லறை இல்லை என்ற காரணமும் இப்போது நிற்காது. உங்கள் மீதித் தொகை உங்களுடையது. அதைக் கொடுக்க விரும்பினால் நீங்கள் சொல்ல வேண்டும். கடைக்காரர் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: மயிலாடுதுறையில் இரண்டு தலைமுறையாக மளிகைக்கடை வைத்திருக்கிறோம். என் தகப்பனார் காலத்தில் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்து வைத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பார்கள். பெரிய கடைகளைப் பார்த்து, நானும் வாடிக்கையாளர்களிடம் கேட்டு நல்ல காரியம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். யாரும் குறை சொல்லாதபடி எப்படிச் செய்வது? யாருக்குக் கொடுப்பது? (மளிகைக்கடை உரிமையாளர், மயிலாடுதுறை)

பதில்: ஐயா, உங்கள் தகப்பனாரின் வழக்கத்திலேயே பாதி விடை இருக்கிறது. மகமை என்பது வணிகர்கள் தாங்கள் செய்யும் வியாபாரத்தின் மீது தாங்களே விதித்துக்கொண்ட சிறு பங்கு. மூட்டைக்கு இவ்வளவு, நூறு ரூபாய் விற்பனைக்கு இவ்வளவு என்று அளவு முன்கூட்டியே முடிவாகியிருக்கும். தனி ஏட்டில் எழுதப்படும். ஆண்டு முடிவில் வணிகர்கள் கூடிய இடத்தில் வாசிக்கப்படும். தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிகளும் சத்திரங்களும் கோயில் திருப்பணிகளும் அப்படி நடந்தவை. சில மண்டிகளில் அந்தப் பங்கை நெல்லும் காயும் கொண்டுவந்த விவசாயியின் கணக்கில் பிடித்துக்கொண்டதும் உண்டு. அது மனக்கசப்பையே வளர்த்தது. தன் பையிலிருந்து எடுத்தபோது அறமாக இருந்தது, கேட்காமல் பிறர் கணக்கில் பிடித்தபோது சுமையாகிவிட்டது. இன்றைக்குக் கவுண்டரில் எழும் சண்டையும் இதுவேதான்.

கொடை எங்கே போகிறது என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கும்படி செய்வதும் நம் பக்கத்து வழக்கம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் அமைந்த முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறும் மாணவர்களுக்குப் படிப்பும் கிடைத்தன. கொடுத்தது என்ன ஆயிற்று என்று அறிய விரும்பியவர் அந்த வாசலில் நின்று பார்த்திருக்கலாம். இன்றும் அறநிலையத் துறைக் கோயில்களில் உண்டியலை அலுவலர்கள் முன்னிலையில், பக்தர்கள் பார்க்க, தரையில் கொட்டி எண்ணித் தொகையை அறிவிக்கிறார்கள். கடையில் திரட்டும் பணத்துக்கும் அந்த அளவு வெளிச்சம் வேண்டும்.

ஆகவே முதலில் உங்கள் பங்கை முடிவு செய்யுங்கள். "வாடிக்கையாளர்கள் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கடை ஒரு ரூபாய் தரும்" என்று எழுதி வைத்துவிட்டுக் கேட்டால், கேட்கும்போது உங்களுக்கே குரல் தெளிவாக இருக்கும். அதற்கு வசதி இல்லையென்றால் முடிந்த தொகையைக் குறிப்பிடுங்கள், சிறிதானாலும் பரவாயில்லை. ஆனால் உங்கள் பங்கு ஒன்றுமே இல்லாமல் பிறரிடம் மட்டும் கேட்காதீர்கள். ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். ஆடிப்பெருக்கிலிருந்து விநாயகர் சதுர்த்தி வரை, அல்லது பள்ளி திறக்கும் ஜூன் மாதம் மட்டும் என்று கால வரையறை வையுங்கள். மளிகைக்கடைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு நான்கைந்து முறை வருகிறவர்கள். ஒவ்வொரு முறையும் கேட்டால், தெருவில் உங்களைப் பார்த்து ஒதுங்கிப் போகத் தொடங்குவார்கள்.

வாயால் கேட்பதைவிட, கல்லாவுக்கு எதிரே ஒரு பலகை வைப்பது மேல். எந்த வேலைக்கு, எந்த இடத்துக்கு, எந்தத் தேதி வரை, கடையின் பங்கு எவ்வளவு என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். பில்லில் சேர்ப்பதானால், பொருள்களின் விலையும் ஜிஎஸ்டியும் கூட்டி முடித்த பிறகு, கீழே தனி வரியாக "நன்கொடை" என்று வர வேண்டும். நன்கொடை பொருளுக்கான விலை அல்ல; அதை விற்பனையோடு கலந்தால் வரிக் கணக்கும் குழம்பும், வாடிக்கையாளருக்கும் புரியாது. உங்கள் கணக்காளரிடம் சொல்லி, அந்தத் தொகை விற்பனைக் கணக்கில் ஏறாமல் தனிக் கணக்கில் ஏறும்படி பில் போடும் மென்பொருளில் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பூட்டிய உண்டியலாக வைத்தால், சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டாம். எண்ணும்போது தெருவைச் சேர்ந்த இரண்டு பேரை அழைத்து, எண்ணிய தாளில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாருக்கு என்பதில், வாடிக்கையாளர் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடமே நல்லது என்பது என் கருத்து. உங்கள் பகுதியில் ஓர் அரசுப் பள்ளி இருக்கும். அதன் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போய், என்ன தேவை என்று கேளுங்கள். குடிநீர்க் குழாயா, மின்விசிறியா, கழிப்பறைக் கதவா என்று அவர்கள் சொல்லட்டும். நாமே முடிவு செய்து கொண்டுபோய்க் கொடுக்கும் பல பொருள்கள் அலமாரியில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புகிறவர்களுக்காக 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். தனியார் தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதானால், அதன் வரிவிலக்குப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, ஒரு முறை நேரில் போய், அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

திரட்டல் முடிந்ததும் தொகையை வங்கி வழியாகச் செலுத்திவிட்டு, வரும் ரசீதின் நகலையும், வாடிக்கையாளர் பங்கு இவ்வளவு, கடையின் பங்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிய ஒரு தாளையும் பலகை இருந்த அதே இடத்தில் ஒட்டுங்கள். ஒரு மாதமாவது அது அங்கே இருக்கட்டும். பள்ளிக்குக் கொடுத்திருந்தால், வேலை முடிந்த பிறகு தலைமையாசிரியரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி அதையும் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த திரட்டலை அதற்குப் பிறகு தொடங்கலாம்.